கடைசிப் படி

ராயபுரத்தில் ஒரு பழைய தெரு. முதன்முதலில் ரயில் வந்த காலத்தில் கட்டிய வீடுகளாம். உயரமான கூரை, தேக்கு உத்தரம், வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஒரு வீட்டு வாசற்படியில் வயதான ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். எதிரே தார் வண்டி நிற்கிறது.

"அஞ்சு படி இருந்துச்சும்மா," என்கிறார், வெளியூரிலிருந்து இந்த வீடுகளைப் பார்க்க வந்த என்னிடம். "ரோடு மேல ரோடு போட்டு நாலு உள்ள பூட்ச்சு. இதுவும் போனா மழைத்தண்ணி வூட்டுக்குள்ள வந்துரும். பழைய ரோட்டைச் சொரண்டிட்டுப் போடட்டும், எந்திரிக்கிறேன்."

"ஜாக்கி வெச்சு வூட்டைத் தூக்கிக்க வேண்டியதுதான ஆயா?" என்கிறார் ரோடு போட வந்த மேஸ்திரி.

"சுண்ணாம்புச் சுவரு நைனா. தூக்குனா உன் தலைமேலதான் உதிரும்."

வெளியூரில் நான் யாரிடமும் வாய் திறக்கிறவள் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்கிறேன். மேஸ்திரி எங்கள் இருவரையும் பார்க்கிறார். பிறகு, சுரண்டுகிற மெஷினுக்குப் போன் போடுகிறார்.