ஜால்ராவைக் கழற்றிய வாரம்

கண்ணாடி அறுப்பதிலும் டிரம்ஸ் அடிப்பதிலும் பாளையங்கோட்டையில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திமிர் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பிழைப்புக்குக் கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ். வெளியூர்க்காரர்கள் சர்ச் என்பார்கள். எங்களுக்கு அது கோயில்தான்.

அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடும் ஆண்களின் வரிசையில், என் இடது கைப்பக்கமாக அப்பா நிற்பார். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்தமடை, சேரன்மாதேவி, வீரவநல்லூர் என்று கடைசி சீட்டு வரை கேட்கக் கூவிய தொண்டை அது. எஞ்சின் சத்தத்தில் காதுதான் போனது, தொண்டை போகவில்லை. காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் போட்டுக்கொள்வார், கடைத்தெருவில் போட்டுக்கொள்வார். கோயிலில் நான் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததும் கை நேராகக் காதுக்குப் போகும். மிஷினை அணைத்துவிடுவார்.

அணைத்துவிட்டுச் சும்மா நின்றால் பரவாயில்லையே. மனப்பாடத்தில் பாடுவார். ஊரே பல்லவியை முடித்து மூச்சு வாங்கும்போது அப்பா மட்டும் கடைசி வரியில் கணீரென்று நிற்பார். இளவட்டங்கள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோயிலில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தபோது பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் கடைக்கு வந்தார். நான் அளவெடுக்கிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தம்பி, பண்டிகைக்கு வெளிச்சபைக்காரங்கல்லாம் வாராங்க. அப்பாவ அன்னைக்குக் கீழ பெஞ்சுல உக்காரச் சொல்லுதீயளா? நா சொன்னா சங்கடப்படுவாரு.”

நான் சொன்னால் மட்டும் சந்தோஷப்படுவாரா? அந்த வரிசையில் நிற்பதற்காகவே சனிக்கிழமை இரவே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துத் தொங்கவிடுகிற மனிதர். இறங்கி உட்காரச் சொன்னால் அப்புறம் கோயிலுக்கே வரமாட்டார். எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போன வேகத்தில் கத்தினேன். “கோயிலுக்குள்ள மட்டும் எதுக்கு மிஷின அமத்துதீய? நா அடிக்கது அவ்வளவு மோசமாவா இருக்கு?”

அப்பா காப்பியை ஊதிக்கொண்டே சொன்னார். “கடையில அறுக்கது போதாதுன்னு கோயில்லயும் கண்ணாடி அறுக்கியே லே. ஓன் ஜால்ரா காதுக்குள்ள பூந்து கீறுது. வேற ஒரு எழவும் கேக்க மாட்டேங்கு.”

ஜால்ரா என்று அவர் சொன்னது ஹை-ஹாட்டை. இடது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற இரண்டு பித்தளைத் தட்டுகள். கீழே மிதித்தால் மூடிக்கொள்ளும். மேலே குச்சியால் விடாமல் தட்டித்தான் நாங்கள் தாளம் பிடிப்போம். மற்றவர்களுக்கு அது இனிமையாகச் சலசலக்கும். மிஷின் அந்தச் சலசலப்பை மட்டும் பொறுக்கியெடுத்து அப்பாவின் மண்டைக்குள் கொட்டியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகைக்கு முதலில் போய் ஹை-ஹாட்டைத் தண்டோடு கழற்றி பீரோவுக்குப் பின்னால் சாத்திவிட்டேன். கிட்டார் வாசிக்கிறவன் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஜால்ராவக் கழத்திட்டு அப்பாவுக்கு ஜால்ரா போடுதீயளாக்கும்!”

“ஆமால. ஓனக்கு என்ன வலிக்கு? வாசி,” என்றேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன், அன்று அடித்தது படுகேவலம். வலது கை பழக்கத்தில் இடது பக்கம் தாவி வெறுங்காற்றை அடித்தது. ஒரு தடவை என் முழங்காலையே அடித்துக்கொண்டேன். இடது கால் இல்லாத மிதியைத் தேடியது. பாட்டு சாராள் தக்கர் காலேஜ் பக்கம் ஒரு வேகம், சமாதானபுரம் பக்கம் ஒரு வேகம் என்று கலைந்து ஓடியது. டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். “வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்போம் தம்பி. சரியா வரலன்னா தட்டத் திரும்ப மாட்டிருவோம். அப்பாவயும் கீழ உக்காரச் சொல்லிருவோம்.”

வராமல் எங்கே போகும்? கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மேஜை விளிம்பில் விரலால் தட்டினேன். ராத்திரி சோபா மெத்தையை அடித்தேன். தூசி பறந்து வீட்டுக்காரியிடம் வசவு வாங்கினேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. இத்தனை வருஷமும் நான் தாளம் பிடிக்கவில்லை, அந்தத் தட்டு பிடித்தது. நான் எங்காவது பிசகினாலும் அது சலசலவென்று மூடிமறைத்து, நீ நன்றாகத்தான் அடிக்கிறாய் என்று என்னிடமும் ஜால்ரா போட்டுக்கொண்டிருந்திருக்கிறது! இப்போது வலது கையைப் பெரிய டிரம்மின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பைய உருட்டினேன். வலது காலைப் பாட்டின் மூச்சோடு வைத்தேன். நடுவே இடைவெளி வந்தால் வரட்டும் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் டீச்சர் கையைத் தூக்கவே இல்லை. அப்பா கால்வலி என்று இரண்டு ஒத்திகைக்குமே வரவில்லை, நடுவே வந்த ஞாயிற்றுக்கிழமை தட்டை மாட்டித்தான் அடித்தேன். நானும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், “எனக்காகவா கழத்துன, போய் மாட்டு” என்பார்.

பண்டிகையன்று கோயில் நிரம்பி, வெளியே பந்தலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். அப்பாவின் கை காதுக்குப் போனது. அணைத்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். ஒன்றும் செய்வதற்கில்லை, கீர்த்தனை தொடங்கிவிட்டது.

முதல் சரணத்தில் அப்பா வழக்கம்போல அரை வரி பின்னால் வந்தார். முன்பெஞ்சில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நான் அடித்துக்கொண்டே அவரையே முறைத்தேன். என் பார்வை உறைத்திருக்க வேண்டும், திரும்பினார். என் இடது பக்கத்தைப் பார்த்தார். தட்டு இருந்த இடம் காலி. என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் காலி இடத்தைப் பார்த்தார். கை மெதுவாகக் காதுக்குப் போனது.

இரண்டாம் சரணத்தில் அவர் வாயே திறக்கவில்லை. நின்று கேட்டார். மூன்றாம் சரணத்தில் சேர்ந்துகொண்டார், எல்லோரோடும், ஒரே மூச்சில். அந்தக் குரல் அடியில் வந்து நின்றதும் பாட்டுக்கே கனம் வந்துவிட்டது. இதை நான் மகன் என்பதால் சொல்லவில்லை. டீச்சர் அசனப் பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் வந்து, “அந்தத் தட்டு பீரோ பின்னாலயே கெடக்கட்டும் தம்பி” என்றார்.

பந்தி முடிந்ததும் அப்பா என் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

“ஏலே,” என்றார். “மூணாவது சரணத்துல ஓடிட்ட.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நா ஓடல. நீங்கதான் இழுத்தீய.”

“யாரு, நானா? ஓன் காலு முந்துச்சு. சரணம் முடியங்குள்ள ரெண்டு தடவ முந்துச்சு. நல்லாத்தான் அடிக்க, ஆனா அவசரம்.”

நான் டிரம்ஸ் பழகிய நாளிலிருந்து ஜால்ராவைத் திட்டியது போக என் வாசிப்பைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, குறையும் சொன்னதில்லை. பிடிக்கவில்லை போல என்றுதான் நினைத்திருந்தேன். குறை சொல்லவும் காதில் விழ வேண்டுமே. கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதுகில் ஒரு குத்து விழுந்தது. “ஏலே, நா சொல்லுதது கேக்கா இல்லயா?”

“கேக்குப்பா,” என்றேன்.