மச்சான் திரும்ப எடுக்காத சிப்பாய்

இரண்டாவது நகர்த்தலிலேயே மச்சான் ஒரு சிப்பாயை என் வாயருகே கொண்டுவந்து வைத்துவிடுவான். எங்களுக்கு ரப்பர் கொட்டைதான் சிப்பாய். அவன் பக்கத்துக் கொட்டைகளில் சுண்ணாம்பு தடவியிருக்கும். ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் கொட்டையை இரண்டு கட்டம் தள்ளி, “எடுத்துக்க லா மச்சான்” என்பான். நான் யோசித்ததே இல்லை, வெட்டிவிடுவேன். உடனே அவன் ராணி ஓரமாக வந்து என் ராஜாவை மிரட்டும்; அடுத்த நகர்த்தலில் என் சிப்பாயைத் தூக்கிக்கொண்டு போகும். “ஓசின்னா கண்ணு தெரியாது ஒனக்கு” என்று சிரிப்பான். ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரின் தகரக் கூரையே அதிரும்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று சிம்பாங் பூலாயில் கல் ஏற்றும் ஏழு லோரிகளில் என் பெயர் எழுதியிருக்கிறது. எவனிடமும் கைநீட்டி வந்தவன் இல்லை. ஈப்போவில் எந்தக் கல்யாண விருந்தில் உட்கார்ந்தாலும் சொல்வேன், இந்த ஊருக்கு நான் சதுரங்கத்தில் ஜெயித்து வந்தவன் என்று. அது நிஜம். சுங்காய்த் தோட்டத்தில் நானும் என் தங்கை புருஷனான மச்சானும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலம். ஈப்போவில் லோரி வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருவர், லோரிக்கு ஆள் தேடி வந்தார்; ஒருவன் போதும் என்றார். இருவருக்கும் போக ஆசை. பாலை நிறுத்துக் கொடுத்து, வாளி கழுவியதும் பலகையை விரித்தோம். ஜெயிப்பவன் லோரி ஏறுவான்.

அன்றும் அதே கொட்டையைத்தான் தள்ளினான். விரலை எடுக்க மட்டும் நேரம் பிடித்தது. நான் வெட்டினேன். அவன் ராணி வரவில்லை. கடைசிவரை, வெட்டிய என் சிப்பாயை அவன் திரும்ப எடுக்கவே இல்லை. அதுவே நடந்து நடந்து எனக்கு இன்னொரு ராணியானது.

“பயந்துட்டியா மச்சான்?”

“ஒம் மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் பயம் வராது? போ, தவுக்கே காத்திருக்காரு.”

நம்பினேன். நாற்பது வருடத்துக்கு மேல் ஊரெல்லாம் சொன்னேன்.

போன வருடம் மச்சானின் கருமாதிக்குச் சுங்காய் போனபோதும் பந்தியில் அதையே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தங்கை சிரிக்கவில்லை. கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

“அண்ணே, அவரு ராணி ஏன் வரலேன்னு ஒருநாளாச்சும் யோசிச்சியா?”

“அவன் விட்டுட்டான்…”

“நீயே போன்னு வாயால சொல்லியிருந்தா போயிருப்பியா? குடுத்தா வாங்குற ஆளா நீ? ஜெயிச்சாத்தானே லோரி ஏறுவே.”

கழுவிய கையையே மறுபடி கழுவினேன். அதுவரை வாய்ச்சொல்லில் என்னை யாரும் மடக்கியதில்லை.

இப்போது ஈப்போ வீட்டில் பளிங்குக் காய்கள் இருக்கின்றன. ஆட வருகிறவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஒரு சிப்பாயைக்கூட விடமாட்டார்கள். மச்சான் எதிரே வந்து உட்கார்ந்து அந்தச் சிப்பாயை இன்னொரு முறை தள்ளினால் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன். ஒதுங்கிப் போகலாம். மாட்டேன். தெரிந்தே வெட்டுவேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, அவன் ராணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.