தையல்காரம்மா கட்டிய பொய்ப்பூச்சி

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர், ஓய்வுபெற்ற நான்காவது மாதமே பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு பிழைத்தது, கால் பாதி பிழைத்தது, வலது கைதான் ஒரேயடியாக வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், ஊருக்கு மேலே இருக்கும் ஏரியில் ட்ரவுட் மீன் பிடிப்பது. புழு வைத்துப் பிடிப்பது அவருக்கு இழுக்கு. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, தண்ணீருக்கடியில் திரியும் இளம்பூச்சியைப் போல ஒரு பொய்ப்பூச்சி கட்டுவார். நிம்ஃப் என்பார் அதை. அதைக் கட்டப் பத்து விரலும் வேண்டும்.

அவர் மனைவி, பக்கத்துத் தெருவில் துணிகளைப் பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஊருக்கே அவள் தையல்காரம்மா. ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவள், அவர் மேஜையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். முள்ளைச் சின்ன இடுக்கியில் மாட்டி, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றப் பார்த்துத் தோற்றிருந்தார். முகவாயெல்லாம் எச்சில். கண்ணைத் துடைக்கக்கூட அவரிடம் கை மிச்சமில்லை.

அவள் கைகழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படின்னு சொல்லுங்க. நான் கட்டுறேன்."

"தையல் வேற, இது வேற."

"காஜா எடுத்து எடுத்துத் தேஞ்ச விரல் இது. சொல்லுங்க."

சொன்னார். சும்மா சொல்லவில்லை, அதட்டினார். உடம்பு குண்டாக வேண்டும், ஜிகினா இழை வேண்டும், இன்னும் சுற்று, இழுக்காதே, ஐயோ அறுத்துட்டியே! "கை பட்டாக் குத்தம், கால் பட்டாக் குத்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு மாதம் கட்டினாள். அவள் தம்பி காரில் ஏரிக்கு அழைத்துப் போனான். ஒரு மீன் மோந்துகூடப் பார்க்கவில்லை. முடிச்சு சரியில்லை என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. அளவெடுக்காமல் அவள் யாருக்கும் சட்டை தைத்ததில்லை. அடுத்த முறை, செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரம் இறங்கி, ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறையப் பாசியும் தண்ணீரும் அள்ளி வந்தாள். வீட்டில் வெள்ளைத் தட்டில் கொட்டி, ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அரை அங்குலம்கூட இல்லாத பழுப்புப் பூச்சிகள். ஒல்லி உடம்பு, தலைக்குப் பின்னால் சின்னக் கூன், வாலுக்கு மூன்று மயிரிழை. கொஞ்சம் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்தன.

"இதுல ஜிகினா எங்கேங்க இருக்கு?"

அவர் வெகுநேரம் கண்ணாடிக்குள் குனிந்திருந்தார். "இத்தனை வருஷமா நகைநட்டு போட்டு அனுப்பியிருக்கேன் போல" என்றார்.

காட்டுக்கோழி வால் இறகில் நாலே இழை உருவி, நுனியை வாலாக விட்டு, மிச்சத்தை உடம்பாகச் சுற்றினாள். தண்ணீரில் அமிழ வேண்டுமே, அதற்கு முடிபோன்ற செம்புக் கம்பி. மேலே கூன். அப்படி எட்டுக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் தம்பி வீசினான். அவர் தூண்டில் கம்பை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு, பழக்கமில்லாத இடது கையால் தூண்டில் கயிற்றை இழுத்தார். நத்தை வேகம்தான் வந்தது.

"இந்தக் கையில நான் இப்படி இழுத்தா மீனு தூங்கிரும் மச்சான்" என்று தம்பியிடம் எரிந்து விழுந்தார்.

"நிஜப் பூச்சியும் தட்டுல இப்படித்தான் போச்சு. பேசாம இழுங்க" என்றாள் அவள்.

மூன்றாவது வீச்சில் கயிறு விண்ணென்று இறுகியது. சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்.

காலையிலிருந்து வெறும் பையோடு எதிர்க்கரையில் நின்ற தபால்காரர் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். பூச்சியை வாங்கி விரல்நுனியில் வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! யாருங்க கட்டுனது?"

"நான்தான்" என்றார் அவர்.

இரண்டடி தள்ளிக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள் அவள். தபால்காரர் அந்தத் தொங்கும் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "பிரமாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் அவள் அந்த மேஜைப் பக்கமே போகவில்லை.

"இந்தா, இன்னைக்கும் கட்டலையா?"

"கட்டுறவரு நீங்கதானே? கட்டுங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "வாய் தவறி வந்துருச்சு."

"தவறல. அதுதான் முதல்ல வந்துச்சு."

"இது ஒண்ணாவது இன்னும் என் கையில இருக்குன்னு தபால்காரரு நினைக்கட்டும்னு தோணுச்சு" என்றார். அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டு மறுநாள் கடைக்குப் போனாள்.

மதியம் தபால்காரர் கடைவாசலில் வந்து நின்றார். கையில், அதே மாதிரி கட்டித் தரச் சொல்லி ஆறு தூண்டில் முள் கொண்ட பொட்டலம்.

"ஐயா ஆபீசுக்கு வந்திருந்தாருங்க. எல்லார் முன்னாடியும், 'அந்தப் பூச்சி என் வீட்டம்மா கட்டுனது, நான் சொன்னது பொய்'னுட்டாரு. தண்ணி வாங்கிக் குடிச்சாரு, போயிட்டாரு."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாருமில்ல. கம்பு ஊனிக்கிட்டுத் தனியாத்தான்."

தபால் ஆபீஸ் நாலு தெரு தள்ளி. நடுவில் பெரிய ரோடு. விழுந்த நாளிலிருந்து அவர் தனியாக வாசல்படி தாண்டியதில்லை. பாதி தைத்த துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். அவள் முதல் ஷூவை உருவும்போது விழித்துக்கொண்டார்.

"ரோட்டை எப்படிங்க தாண்டுனீங்க?"

"ரெண்டு லாரி நின்னுச்சு. ஹாரன் அடிச்சானுங்க. அடிக்கட்டும்னு நடந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது. இரண்டாவது ஷூவை உருவிக் கட்டிலடியில் தள்ளினாள்.

"தபால்காரருக்கு ஆறு கட்டணும். எழுந்து வந்து நல்ல இறகாப் பார்த்து எடுத்துக் கொடுங்க."