மெஷினிடம் நான் பேசிய தமிழ்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அதில் பாதி வளர்ப்பு என் தங்கச்சியுடையது. தன் புருஷன் போனபின் அவள் என்னோடுதான் இருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவள் பள்ளிக்கூடமே போனதில்லை. அந்த வித்தியாசத்தை நான் மறந்ததுமில்லை, அவளை மறக்கவிட்டதுமில்லை.

என் பேத்திக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் செய்ததைச் சோதித்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். பொங்கலுக்கு வந்தவள் எங்கள் போனில் ஒரு சிவப்புப் பட்டனைப் போட்டாள். அதை அமுக்கி, உடம்புக்கு என்ன என்று வாயால் சொன்னால் ஆம்புலன்ஸ் வருமாம். எழுத்து, எண் தெரியாத கிழவிகளுக்காகச் செய்வது. ஊருக்கு விடும் முன் வயசானவர்கள் குரலில் சோதிக்க வேண்டும் என்றாள்.

"வீட்டுல பேசுற மாதிரியே பேசுங்க அப்பத்தா."

"எதுக்கு? ஒங்க கம்பெனிக்காரவுக பட்டிக்காட்டுக் கெழவின்னு சிரிக்கவா?"

முகம் கழுவி, நிமிர்ந்து உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் சொன்னேன்: "எனக்கு நெஞ்சு வலிக்கிறது. உடனே உதவி அனுப்புங்கள்." இருபது விதமாகச் சொன்னேன். மெஷின் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

தங்கச்சி பக்கத்தில் வந்து நின்று பேத்தியைக் கேட்டாள். "நானும் ஒண்ணு பேசட்டாத்தா?"

"நீ வாயத் தெறந்தா மெஷினு சாக்கோட்டைக்கு ஓடிப்போயிரும். அங்குட்டுப் போடி" என்றேன் நான்.

அவளும் சிரித்துக்கொண்டே போனாள். பேத்திக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எல்லாம் சரி என்று குறித்துக்கொண்டு கிளம்பினாள். பட்டன் போனிலேயே இருந்தது.

ஆனி மாதம், போனைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு இளையாத்தங்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மத்தியானம் திரும்பினால் அடுப்படியில் கிடக்கிறாள். உடம்பு குளிர்ந்திருந்தது. போன் கையில் இருந்தது.

அவள் பேசியது பதிவாகியிருந்தது. காரியம் முடிந்தபின் பேத்தியைப் போடச் சொல்லிக் கேட்டேன்.

"ஆத்தாடி, நெஞ்ச அடைக்குதே, யாராச்சும் வெரசா வாங்களேன்..."

"மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்."

மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை அவள் என்னைப்போல் பேசிப் பார்த்தாள். "எனக்கு... நெஞ்சு..." அதற்குமேல் இல்லை.

பேத்தி அழுதாள். "நாந்தான் சின்ன அப்பத்தாவப் பேச விட்டிருக்கணும்."

"நீ சரியாத்தேன் கேட்ட. நாந்தேன் அவள வெரட்டுனேன்."

அந்தப் பதிவைக் கம்பெனியில் போட்டுக் காட்டினாளாம். இப்போது எங்கள் பக்கத்துக் கிழவிகளை உட்கார வைத்து மறுபடி சோதிக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை.

இதை எழுத இரண்டு மாதம் ஆனது. ஊருக்கு வந்திருக்கும் பேத்திக்குச் சொல்கிறேன்: இங்குட்டு வாத்தா, இத எனக்கு வாசிச்சுக் காட்டு. என் எழுத்தத் திருத்தணும்னாத் திருத்திக்க. ஒஞ் சின்ன அப்பத்தா பேசுனதுல மட்டும் கைய வைக்காத.