கம்பெனி பஸ் மூலையில் கிடைத்த டிபன் பாக்ஸ்

1. ஸ்டெல்லாவின் கை

குப்பை வாங்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நாற்றத்தைப் பற்றித்தான். நாற்றம் பழகிவிடும். எத்தனை வருஷம் ஆனாலும் பழகாதது, வாயைக் கட்டிய பை. உள்ளே என்ன இருக்கிறது என்பது கட்டியவருக்குத்தான் தெரியும். அவரும் கட்டி முடித்த கையோடு மறந்துவிடுவார்.

நான் மேற்பார்வையாளர் ஆவதற்கு முன்பு, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு நகரில் பேட்டரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு கூட வேலை செய்தவள் ஸ்டெல்லா. நான் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டியை நகர்த்துவேன். அவள் வீடு வீடாகக் குப்பையை வாங்கி, மக்கும் குப்பையைப் பச்சைத் தொட்டியிலும் மக்காததை நீலத் தொட்டியிலும் போடுவாள். ஒரு நாள் தெருமுனையில் கிடந்த பை ஒன்றைப் பிரிக்கக் கையை விட்டவள், சத்தமே போடாமல் வெளியே எடுத்துப் பார்த்தாள். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி, கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாகக் கிழித்திருந்தது. கை முழுக்கச் சோற்றுப் பருக்கையும் ரத்தமுமாக இருந்தது. வண்டியைத் திருப்பி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இன்னொரு முறை அதே இடத்தில் கிழித்தால் விரல் மடங்காது என்று தையல் போட்ட டாக்டர் சொல்லிவிட்டார். காயம் ஆறும்வரை பொறுத்துக்கொள்வதாகவும், மறுபடி இப்படி ஆனால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகவும் காண்ட்ராக்டர் சொன்னார். புருஷன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள் ஸ்டெல்லா. இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. தெருமுனையில் குப்பை சேரும் அந்த மூலையை ஒழிக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

2. யார் வீட்டுக் குப்பையும் இல்லை

எங்கள் வண்டி தெருவுக்குள் வருவதற்கு முன்பே, கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி பஸ் அந்த முனையில் வந்து நிற்கும். முதல் ஷிப்டுக்குப் போகும் ஆண்கள் ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குப்பைப் பை என்று வருவார்கள். குப்பையை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் வீசிவிட்டு பஸ் ஏறுவார்கள். வண்டியில் கொடுத்தால் பிரித்துக் கொடுக்கச் சொல்வோம், நாலு வார்த்தை கேட்போம். மூலையில் போட்டுவிட்டால் அது யார் வீட்டுக் குப்பையும் இல்லை.

மூலையைக் கழுவிக் கோலம் போட்டுப் பார்த்தேன். மறுநாள் கோலத்தைக் கலைக்காமல், ரொம்ப மரியாதையாக, அதன் ஓரத்தில் வரிசையாகப் பைகளை வைத்திருந்தார்கள். இங்கே குப்பை கொட்டாதீர்கள் என்று போர்டு மாட்டினேன். போர்டு மாட்டிய ஆணியில் ஒரு பை தொங்கியது. ஒரு நாள் நானே விடியற்காலையில் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள், ஒருவர்கூடக் குப்பை போடவில்லை. பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக வந்து விழுந்தது.

3. பொன்னேரி மாமா

ஸ்டெல்லா கையில் கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில், வண்டியையும் ஓட்டிக்கொண்டு பைகளையும் நானே பிரித்தேன். எனக்கும் பயம்தான். எந்தப் பையையும் முதலில் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு ஜவுளிக்கடைப் பையைத் தட்டியபோது டங்கென்றது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸ். இன்னும் சூடாக இருந்தது. சோறு, கருவாட்டுக் குழம்பு, மேல் தட்டில் அவித்த முட்டை. நான் அன்று நாஷ்டா சாப்பிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மூடியில் பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்துவிட்டதால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மூடினேன். 'மலர் - சேகர் கல்யாணத்துக்கு, பொன்னேரி மாமா அன்பளிப்பு' என்று இருந்தது.

நம் ஜனங்கள் குப்பையைப் பெயர் தெரியாமல் போடுவார்கள், பாத்திரத்தில் மட்டும் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள். பாவம் அந்தப் பொன்னேரி மாமா, இத்தனை வருஷம் கழித்து மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் அன்று குப்பையையும் அதே மாதிரி ஜவுளிக்கடைப் பையில்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த சேகர் ஒருவர்தான். அவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டை மூலையில் வீசிவிட்டுக் குப்பையோடு கம்பெனிக்குப் போய்விட்டார்.

சேகர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பாட்டை நிறுத்தாமலே பாக்ஸைத் தூக்கிக் காட்டினேன். மலர் வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, எங்க ஊட்டு பாக்ஸு உன் கையில கீது?"

"உங்க ஊட்டுக்காரரு சோத்த எனக்கு குட்த்துட்டு, குப்பைய எட்துகினு டூட்டிக்குப் போய்க்கிறாரும்மா."

மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குப்பையை முனையில் எங்கள் வண்டியில் கொடுத்துவிடுவதாகச் சொல்லித்தான் சேகர் தினமும் வாங்கிப் போகிறாராம். அவரை அவசரமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், கம்பெனியில் செல்லை லாக்கரில் வைத்துவிடுவதால் எடுக்கவில்லை. இரண்டு பேரும் மறுபடி சிரித்தோம். அதே மூலையில்தான் முகம் பார்க்கும் கண்ணாடி கிழித்து ஸ்டெல்லா வேலைக்கு வராமல் கிடக்கிறாள் என்று நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். மலரின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"யக்கா, அது எங்க ஊட்டு கண்ணாடிக்கா. பெரிய புள்ள பந்து அட்ச்சி ஒட்ச்சிட்டான். நான்தான் மீந்த சோத்தோட போட்டுக் கட்டிக் குட்த்தேன்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நன்றாகத் திட்டினேன், அவளும் வாங்கிக்கொண்டாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். காய்கறித் தோல், மீன் கழிவு எல்லாம் பை இல்லாமல் ஒரு பக்கெட்டில். காகிதம், பிளாஸ்டிக் கவர் காய்ந்ததாகத் தனியே. டயப்பரும் நாப்கினும் பேப்பரில் சுற்றித் தனியே. கண்ணாடி, பிளேடு, ஊசி என்றால் கெட்டியாகச் சுற்றிக் கட்டி, எங்கள் கையில் கொடுத்து, வாயைத் திறந்து 'கண்ணாடி' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எல்லோரும் சொன்னால் எங்கள் கைகள் பிழைத்துவிடும்.

4. கேட்டில் நடந்தது

கம்பெனியில் நடந்ததை பஸ்ஸில் வந்தவர்கள் சாயங்காலம் தெரு முழுக்கப் பரப்பிவிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி எல்லார் பையையும் திறந்து பார்த்திருக்கிறார். சேகர் பையில் மீன் செதில், முருங்கைக்காய்ச் சக்கை, கைக்குழந்தையின் டயப்பர். மதியச் சாப்பாடு எங்கே என்று செக்யூரிட்டி கேட்டாராம். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பஸ் டிரைவரே இறங்கி வந்துவிட்டாராம்.

இதில் விசேஷம், சேகர் அந்தக் கம்பெனியின் சேஃப்டி கமிட்டியில் இருக்கிறவர். சுத்தத்துக்குப் பரிசாகக் கிடைத்த கடிகாரம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. எண்ணெய் துடைத்த துணியைத் தவறான தொட்டியில் போட்டாலே மெமோ கொடுக்கிற கம்பெனி அது. கொண்டுவந்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே போகும்படி செக்யூரிட்டி சொல்ல, சேகர் எல்லார் முன்னாலும் கலர் கலரான தொட்டிகளில் பிரித்துப் போட்டாராம். ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லையாம்.

அன்றிலிருந்து, பிரிக்கத் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் கம்பெனியில் பிரித்துப் பழகியவர்கள். வீட்டுக்கு வந்தால் மெமோ கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

5. ஒரு ஜோடி கையுறை

ஸ்டெல்லா வேலைக்குத் திரும்பிய அன்று சேகருக்கு இரண்டாவது ஷிப்ட். மனைவியோடு வண்டிக்கு எதிரே வந்து நின்றார். மலர் கையில் பக்கெட். சேகர் கையில் புத்தம் புதிய கையுறை ஒரு ஜோடி.

"எங்க ஊட்டு கண்ணாடிதாம்மா அது. மனசுல வெச்சிக்காத. இது எனக்கு கம்பெனில குட்த்தது. கண்ணாடி கிழிக்காது, நீ போட்டுக்க."

எங்களுக்குக் கொடுப்பது மெல்லிய ரப்பர் உறை. இது தடியாக, அழகாக இருந்தது. ஸ்டெல்லா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் இன்னும் சரியாக வளையவில்லை.

"நல்லாத்தாண்ணா கீது. ஆனா நீங்க போட்ற கண்ணாடிய நான் இத்த மாட்டிகினு பொறுக்கணும்னு ஆவுது. நீங்க தனியா குட்த்தா எனக்கு இது எதுக்கு?"

மலர் பக்கெட்டைப் பச்சைத் தொட்டியில் கவிழ்த்தாள், மக்கும் குப்பை மட்டும்தான் இருந்தது.

ஸ்டெல்லா கையுறையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போட்டுக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்குப் போனாள். தெருவில் இன்னும் பாதி வீடு பாக்கி இருந்தது, வாயைக் கட்டிய பைகளோடு.