பைப்புக்கு வைத்த பொட்டு

அலுவிகாரையில் பரிமளத்தின் வீட்டுக்கு இருந்ததே ஒரே ஒரு பைப்புத்தான், பின்பக்கம் குளிக்கிற இடத்தில். வாதத்தால் விரல்கள் மடங்கிப்போனதில் அதைத் திருகித் திறப்பது அவளுக்குப் பெரும்பாடு. பாரிசவாதத்தில் விழுந்த புருஷன் நல்லையாவைத் துடைத்துக் கழுவுகிறவளும் அவள்தான். கட்டாரிலிருந்து லீவில் வந்த மகன், கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடும் பைப்பைப் பொருத்திக் கொடுத்தபோது அவள் அழுதேவிட்டாள்.

பக்கத்து வீட்டு றுஸ்திதான் சொன்னான், "இது ஹோட்டலுக்குச் சரி அக்கா. வீட்டுக்குப் பழைய பைப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும்."

"தொறக்க ஏலாத பைப்பு எனக்கு எதுக்குத் தம்பி?" என்று கழற்ற வைத்தவள் பரிமளமேதான்.

றுஸ்தி ஒரு காலத்தில் நல்லையாவின் லொறியில் கிளீனராக இருந்தவன். "இந்தக் கோலத்துல அவன் மட்டும் என்னைப் பாக்கக் கூடாது புள்ள" என்று நல்லையா அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஆயுதபூசை வந்தது. நமக்காக உழைக்கிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாள். அம்மிக்கு வைத்தவள் பைப்பை விடுவாளா? அதன் நெற்றி மாதிரி இருந்த கறுப்புக் கண்ணாடியில் சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். கையை எடுத்தால் தண்ணீர் தானாக நின்றுவிடும் என்ற பழக்கத்தில், திரும்பிப் பாராமல் கோயிலுக்கு பஸ் ஏறினாள். அந்தக் கண்ணாடிதான் பைப்பின் கண். அப்பியிருந்த சந்தனத்தைக் கை என்று நினைத்து அது ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது.

திரும்பி வந்தபோது கூரைமேல் தண்ணீர்த் தாங்கி காலி. இனிக் காலையில்தான் தண்ணீர் வரும்.

"ஏங்க, தண்ணி ஓடுனது கேக்கலியா? சத்தம் போட்டிருந்தா றுஸ்தி ஓடி வந்திருப்பானே!"

நல்லையா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு நாற்றம் உறைத்தது. விரிப்பெல்லாம் நாசம். றுஸ்தி வந்துவிடுவானே என்றுதான் மனுஷன் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறார்.

பழந்துணியால் வழித்தாள். அது இன்னும் பரவி, முதுகுப் புண்ணில் பட்டு அவர் முனகினார். றுஸ்தி வீட்டுக் கிணற்றுக்கு ஓடலாமென்று வாளியை எடுத்தாள். வெறும் வாளியே விரலில் நிற்காமல் விழுந்து உருண்டது.

"அம்மா தாயே, உனக்குப் பூசை வச்சவளுக்கா இந்தக் கதி!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவனைக் கூப்பிட்டால் கட்டில்வரை வந்துவிடுவான், சத்தியம் போச்சு. கூப்பிடாவிட்டால் புண்ணோடு விடிய விடிய இதிலேயே கிடப்பார். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடையாய் நடந்தாள்.

உள்ளேயிருந்து குளறலாக ஒரு குரல் கிளம்பியது. "றுஸ்தி... டேய் றுஸ்தி!"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். "வேணாங்க!"

நல்லையா நல்ல கையால் அவளை விலக்கினார். "நீ அழுவுறத என்னால கேட்டுக்கிட்டுக் கெடக்க ஏலாது புள்ள." மறுபடியும் கத்தினார்.

றுஸ்தி வாளியோடு கட்டிலருகே வந்து நின்றபோது நல்லையா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"முதுகுல புண்ணு இருக்கு" என்றார். "மெதுவா ஊத்துடா."