புகைபோக்கி மேல் வந்த புகார்

ஆரோக்கியசாமி முப்பத்தொரு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். குப்பியில் விரிசல் இருக்கிறதா, மூடி சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. பால் வாங்கினால் தேதியை இரண்டு முறை படிப்பார். மெல்பர்னின் மல்கிரேவ் பகுதியில் அவர் தெருவில் புதுக் கார் ஏதாவது நின்றால் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார்.

அவர் சந்தேகப்படாத ஒன்று, வீட்டுக் கூடத்தில் இருந்த விறகுக் கணப்பு. மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து படிக்க வந்த முதல் குளிர்காலத்தை, ஹீட்டர் இல்லாத வாடகை அறையில் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டுக் கழித்தவர் அவர். இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, கணப்பைக் கண்டதும் வேறு எதையும் சோதிக்காமல் வாங்க முடிவு செய்துவிட்டார். விறகை அவரே பிளப்பார், அவரே அடுக்குவார். மனைவி புஷ்பவல்லி இருமினால், "மெல்பர்ன் குளிரு அப்படித்தான்" என்பார்.

போன ஜூலையில் நகரக் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. அவர் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து அளவுக்கு மீறிப் புகை வருவதாக ஒருவர் புகார் செய்திருக்கிறார், கவனிக்கவும். புகார் செய்தவர் பெயர் இல்லை.

"யாரு எழுதிருப்பா?" கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரா இருந்தா என்னாங்க? புகை வருதுதானே," என்றாள் புஷ்பவல்லி.

அன்றிலிருந்து அவர் ஜன்னலோரம் உட்கார ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் கையசைத்தால், ஏன் இன்றைக்கு மட்டும் அசைக்கிறார் என்று யோசித்தார். கடைசியில் அவர் சந்தேகம் பக்கத்து வீட்டு நாகேஸ்வரியிடம் போய் நின்றது. யாழ்ப்பாணத்துப் பெண், தனியாக இருப்பவர், பன்னிரண்டு வருடப் பழக்கம். கொடியில் காயும் சேலையில் புகை மணக்கிறது என்று ஒருமுறை அவர் சொன்னது ஆரோக்கியசாமிக்கு இப்போது ஞாபகம் வந்தது. நாகேஸ்வரி குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது வேலியோரம் நிறுத்திக் கேட்டார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கவுன்சிலுக்கு எதுக்குப் போனீங்க?"

நாகேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. "மணக்குது எண்டு உங்களிட்டத்தானே அண்ணை சொன்னனான். அதுக்காக உங்கட முதுகுக்குப் பின்னால எழுதுவனே?"

அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து நாகேஸ்வரி அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அதுவே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டார்.

இனி யாரும் தன்னைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது என்பதற்காகவே கணப்பை எடுத்துவிட்டு பெல்லட் அடுப்பு வைக்க முடிவு செய்தார். அதையும் அவர் நம்பவில்லை. அதில் விறகுக்குப் பதிலாக எரிப்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள், பார்ப்பதற்குக் கோழித்தீனி. கடையில் மாதிரிக்குக் கொடுத்த ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, கஞ்சிபோல ஊறும்வரை பார்த்திருந்தார். பசை மிதக்கிறதா என்று தேடினார். ஒன்றும் மிதக்கவில்லை.

அடுப்பைப் பொருத்த வந்தவர் பழைய புகைபோக்கிக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் செங்கல் இணைப்பு விட்டுப் போயிருக்கிறது, இவ்வளவு நாளும் புகை வீட்டுக்குள்ளேயே கசிந்திருக்கிறது என்றார். கூடுதல் வேலை பிடிக்கப் பொய் சொல்கிறான், அல்லது இவனே உடைத்துவிட்டான் என்று ஆரோக்கியசாமிக்குப் பட்டது. அலமாரியை நகர்த்தச் சொல்லி, விரிசலில் தானே விரலை விட்டுத் தேய்த்தார். கரி படலம் படலமாக உரிந்தது. நேற்றைய விரிசலில் இவ்வளவு கரி இருக்காது. அது அவருக்குத் தெரிந்த வேலை.

அந்த விரிசலுக்கு ஒரு முழம் தள்ளித்தான், புஷ்பவல்லி தலை வைத்துப் படுக்கும் இடம்.

வந்தவர் போன பிறகும் அவர் கையைக் கழுவாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புஷ்பவல்லி வாசலில் வந்து நின்றாள்.

"நாகேஸ்வரிகிட்ட சண்டை போட்டது போதும். அந்தப் புகாரை எழுதுனது நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"பேர் போடாம, போன்லயே நிரப்பி அனுப்புனேன். ஆறு வருஷமா இருமுறேன்னு சொல்றேன். புகைதான் காரணம்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். குளிருன்னீங்க. கவுன்சில் சொன்னாத்தான் கேப்பீங்கன்னு தெரியும்."

"என்கிட்ட நேரா..."

"நேராத்தான் சொன்னேன். ஆறு வருஷமா."

ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவருக்கு, இவளைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. இவள் இருமலையும் காதில் வாங்கத் தோன்றவில்லை. இரண்டில் எது அதிகம் உறுத்தியது என்று அவருக்கே தெரியவில்லை.

"நாகேஸ்வரிகிட்ட நீயே முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் மெல்ல.

"சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. அது என் தப்பு."

மறுநாள் காலை அவர் போய் நாகேஸ்வரி வீட்டு மணியை அடித்தார். வலைக்கதவு திறக்கவில்லை. உள்ளிருந்தே குரல் வந்தது. "என்ன அண்ணை, இப்ப என்ன குற்றம்?"

"குற்றம் என்னுதுதான். நீங்க எழுதலன்னு தெரிஞ்சுபோச்சு. மன்னிச்சிடுங்க."

"அப்ப ஆர் எழுதினது?"

பெயர் சொன்னால் மனைவிக்குச் சங்கடம். மழுப்பினால் நாகேஸ்வரிக்கு இன்னொரு அவமானம். சற்று நின்று யோசித்தார்.

"என் வீட்டிலேருந்துதான். எழுதினது நியாயம்."

"புஷ்பாக்கு இருமல் எப்பிடி?" என்று கேட்டார் நாகேஸ்வரி. கதவு இன்னும் திறக்கவில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், பத்து மணிக்கு. இந்தத் தடவ நானும் உள்ள போய் உட்காருவேன்."

"ஓம், அதைச் செய்யுங்கோ முதல்ல," என்றது குரல்.